ஓட்டக்காரி கினுயே

ஜப்பான் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை சில. ஹிரோஷிமாவில் விழுந்த குண்டு, மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் ரயில், புவியியல் புத்தகத்துப் படத்தில் பனிக்குல்லாய் போட்டு நிற்கும் ஃபியூஜி மலை. கினுயே ஹிடோமி என்ற பெயர் அந்த வரிசையில் இல்லை. மலருக்கு ஒரு வீராங்கனையைப் பற்றி எழுதும்படி டீச்சர் சொன்னபோது எங்கள் வகுப்பு முழுவதும் பி.டி. உஷா என்றுதான் கூவியது. உஷாவைப் பற்றி அக்காமார்கள் முன்பே எழுதிவிட்டார்கள். ஆகவே உஷா பிறப்பதற்கு 57 ஆண்டுகளுக்கு முன் பிறந்து, 24 வயதிலேயே மறைந்துபோன இந்தப் பெண்ணை எடுத்துக்கொண்டோம்.

1907-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஜப்பானின் ஒகயாமா மாநிலத்தில் ஃபுகுஹாமா என்னும் கிராமத்தில், ஓர் உழவர் குடும்பத்தில் கினுயே பிறந்தார். ஜப்பானியர் வழக்கப்படி குடும்பப் பெயரை முன்னால் வைத்து ஹிடோமி கினுயே என்று சொல்ல வேண்டும். கடலுக்கு அருகே தண்ணீர் நிற்கும் நெல்வயல்கள் சூழ்ந்த சமவெளி அது. வானம் பார்த்த பூமியில் கம்பும் உளுந்தும் பருத்தியும் விதைத்துவிட்டு மேகத்தை அண்ணாந்து பார்க்கும் நமக்கு அந்த ஊரைக் கற்பனை செய்வதே கொஞ்சம் சிரமம்.

அந்நாளில் ஜப்பானில் பெரும்பாலான பெண் குழந்தைகள் ஆறாண்டுத் தொடக்கக் கல்வியோடு நின்றுவிடுவார்கள். அதற்குமேல் இருந்த பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளின் நோக்கமும் நல்ல மனைவியையும் அறிவுள்ள தாயையும் உருவாக்குவதுதான் என்று அரசாங்கமே சொல்லிவந்தது. அத்தகைய ஒரு பள்ளியில், ஒகயாமா நகரில், 1920-ஆம் ஆண்டு கினுயே சேர்ந்தார். கிராமத்திலிருந்து நகரத்துக்குத் தினமும் நடை. இடைசெவலிலிருந்தும் சுற்றுப்பட்டிகளிலிருந்தும் வரும் எங்களுக்கு இப்போது பஸ் இருக்கிறது. ஆனால் பஸ் வராத நாளும் இருக்கிறது. நடந்து வருகிறவளின் காலுக்கு வலு தானாகவே வரும் என்று டீச்சர் சொல்வதை நாங்கள் பாதிதான் நம்புகிறோம்.

பள்ளியில் அவர் முதலில் எடுத்தது டென்னிஸ் மட்டை. ஓட்டமும் தாண்டலும் பிறகு வந்தவை. வளர்ந்தபின் அவர் உயரம் ஏறத்தாழ 170 சென்டிமீட்டர். அக்கால ஜப்பானியப் பெண்களிடையே அது கண்ணுக்குப் படும் உயரம். வீதியில் நடந்தால் திரும்பிப் பார்ப்பார்கள்.

1923-ஆம் ஆண்டு, மாநிலப் பெண்கள் விளையாட்டு விழாவில் தம் பள்ளிக்காக நீளம் தாண்டும்படி அவருக்கு அழைப்பு வந்தது. அப்போது அவருக்குப் பெரிபெரி நோய். வைட்டமின் பி1 குறைவதால் கால் மரத்து, வீங்கி, நெஞ்சையும் பலவீனப்படுத்தும் நோய் அது. தவிடு போகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றையே முக்கிய உணவாக உண்ட ஜப்பானில் அக்காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரை அது கொன்றது. (எங்கள் ஆச்சிமார் காலத்தில் கரிசல் காட்டில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான், மற்ற நாளெல்லாம் கம்பங்கஞ்சியும் சோளச்சோறும். வறுமையிலும் ஒரு வைட்டமின் இருந்திருக்கிறது!) ஓடக்கூடாது, ஆடக்கூடாது என்ற மருத்துவர் கட்டளையை மீறித்தான் கினுயே மைதானத்துக்குப் போனார். 4.67 மீட்டர் தாண்டினார். முறையான பயிற்சி எதுவும் இல்லாத 16 வயதுப் பெண், அதுவரை ஜப்பானில் எந்தப் பெண்ணும் தாண்டாத தூரத்தைத் தாண்டிவிட்டார்.

படிப்பு முடிந்ததும் வீட்டில் வழக்கமான பேச்சு எழுந்திருக்கும். எந்த ஊரிலும் அது ஒரே பேச்சுதானே. ஆனால் பள்ளித் தலைமை ஆசிரியர் வேறு வழி காட்டினார். டோக்கியோவில் நிகைடோ தொகுயோ என்ற அம்மையார் 1922-இல் தொடங்கியிருந்த உடற்கல்விப் பள்ளிக்குக் கினுயேயை அனுப்பும்படி பரிந்துரைத்தார். நிகைடோ அம்மையார் இங்கிலாந்துக்குப் போய் உடற்பயிற்சிக் கல்வி கற்றுத் திரும்பியவர். அவர் நடத்திய அந்தச் சின்னப் பள்ளிதான் இன்று ஜப்பான் மகளிர் உடற்கல்விப் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. 1924-ஆம் ஆண்டு வசந்தத்தில் கினுயே அங்கே போய்ச் சேர்ந்தார். முந்திய ஆண்டு செப்டம்பரில் நடந்த பெரும் பூகம்பத்தில் இடிந்து எரிந்த டோக்கியோ அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் மும்முறைத் தாண்டுதலில் 10.33 மீட்டர். அடுத்த ஆண்டு 11.62 மீட்டர். அந்நாளில் உலகத்தில் எந்தப் பெண்ணும் எட்டாத தூரங்கள் இவை. இடையில் கியோட்டோவில் ஒரு பெண்கள் பள்ளியில் சிறிது காலம் உடற்கல்வி ஆசிரியையாகவும் வேலை பார்த்தார். 1926-ஆம் ஆண்டில் ஒசாகா மைனிச்சி என்ற பெரிய நாளிதழ் அவரைத் தன் நிருபராகச் சேர்த்துக்கொண்டது. பகலில் செய்தி எழுதுவார், மற்ற நேரத்தில் ஓடுவார். ஓடியதைப் பற்றியும் அவரே எழுதுவார். பிற்காலத்தில் தம் அனுபவங்களைப் புத்தகமாகவும் வெளியிட்டார்.

இங்கே ஃபிரான்ஸ் நாட்டுப் பெண்மணி ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆலிஸ் மில்லியா என்பது அவர் பெயர். ஒலிம்பிக்கில் பெண்களை ஓடவிட மறுத்தார்கள். நவீன ஒலிம்பிக்கை ஆரம்பித்த கூபர்த்தேன் பிரபுவுக்கே பெண்கள் போட்டியிடுவதில் சம்மதமில்லை. அப்படியானால் எங்களுக்கென்று ஒரு போட்டியை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று கிளம்பினார் மில்லியா. 1922-இல் பாரிசில் முதல் மகளிர் உலகப் போட்டி நடந்தது. இரண்டாவது போட்டி 1926 ஆகஸ்டில், சுவீடன் நாட்டின் கோதன்பர்க் நகரில்.

ஜப்பானிலிருந்து அதற்குப் போனவர் ஒரே ஒருவர், 19 வயதுக் கினுயே. விமானப் பயணம் இல்லாத காலம். கடல் கடந்து, சைபீரியாவின் குறுக்கே நாள் கணக்காக ரயிலில் உட்கார்ந்து மாஸ்கோ சேர்ந்து, அங்கிருந்து சுவீடன் போனார். போய் இறங்கியவர் ஆறு போட்டிகளில் கலந்துகொண்டார். நீளம் தாண்டுதலில் 5.50 மீட்டர் தாண்டி முதலிடம். நின்றபடி நீளம் தாண்டுதலிலும் முதலிடம். வட்டு எறிதலில் இரண்டாவது, 100 கஜ ஓட்டத்தில் மூன்றாவது. தனி நபர் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தபோது எல்லா நாட்டுப் பெண்களையும் விட முன்னால் நின்றார். மில்லியா அம்மையாரே அவருக்குச் சிறப்புப் பரிசு வழங்கினார்.

1928-ஆம் ஆண்டு மே மாதம் ஒசாகாவில் கினுயே 5.98 மீட்டர் தாண்டினார். உலக சாதனை. 1939 வரை 11 ஆண்டுகள் அதை யாரும் முறியடிக்கவில்லை. எங்கள் மைதானத்தில் நூல் பிடித்து 5.98 மீட்டருக்குக் கோடு போட்டுப் பார்த்தோம். ஒரு கோட்டில் நின்று மறு கோட்டைப் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஒவ்வொருத்தியாக ஓடி வந்து தாண்டிப் பார்த்ததில் சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். கோவில்பட்டிக்காரர்களுக்கு அந்த ஒலிம்பிக் நன்றாகத் தெரிந்திருக்கும். தியான் சந்த் ஆடிய இந்திய ஹாக்கி அணி முதல்முறையாகத் தங்கம் வென்றது அங்கேதான். ஹாக்கிக் கட்டையோடு பிறக்கும் ஊரில் அதை மறக்க முடியுமா? அதே ஒலிம்பிக்கில்தான் மில்லியா அம்மையாரின் பிடிவாதமும் பலித்தது. முதல்முறையாகப் பெண்களுக்குத் தடகளப் போட்டிகள் வைக்கப்பட்டன. வைத்தது ஐந்தே ஐந்து. 100 மீட்டர், 800 மீட்டர், தொடர் ஓட்டம், உயரம் தாண்டுதல், வட்டு எறிதல். கினுயேக்குக் கைவந்த நீளம் தாண்டுதல் அந்தப் பட்டியலில் இல்லை. பெண்களுக்கு அது வந்தது 1948-இல்தான்.

ஆகவே அவர் 100 மீட்டரை நம்பிப் போனார். ஜப்பான் அணியில் அவர் ஒருவரே பெண். ஜூலை 30-ஆம் நாள் நடந்த அரையிறுதியில் அவர் பின்தங்கி, இறுதிப் போட்டிக்கே தகுதி பெறாமல் வெளியேறினார். அன்று இரவு அவர் அழுதார். தோற்றுப்போய் எப்படி ஊர் திரும்புவது என்ற எண்ணம் அவரை வாட்டியது. ஓர் ஆண் தோற்றால் அவன் ஒருவன் தோற்றான். தாம் தோற்றால், பெண்களுக்கு எதற்கு ஓட்டம் என்று கேட்கக் காத்திருக்கும் அத்தனை பேரும் வாய் திறப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். தொடையும் கையும் தெரிய ஓடுகிறாளே என்று ஏசியவர்கள் உண்டு. இவள் பெண்தானா என்று கேட்டவர்களும் உண்டு. அவற்றையெல்லாம் சுமந்துகொண்டுதான் அந்தப் பெண் ஆம்ஸ்டர்டாமில் தனியாக ஓர் அறையில் படுத்திருந்தார்.

பொழுது விடிந்ததும் அணிப் பொறுப்பாளர்களிடம் போய், 800 மீட்டரில் ஓட அனுமதி கேட்டார். அவர்கள் திகைத்தார்கள். பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஆனால் அந்தத் தூரத்தை அவர் ஒரு போட்டியில்கூட ஓடியதில்லை. குறுகிய தூரம் ஓடுகிறவளுக்கும் 800 மீட்டர் ஓடுகிறவளுக்கும் உள்ள வேற்றுமையை எங்கள் பள்ளியில் ஓடிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். 100 மீட்டரை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம். 800 மீட்டர் என்பது ஒலிம்பிக் மைதானத்தில் இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஆசைப்பட்டு வேகம் காட்டினால் இரண்டாவது சுற்றின் பாதியில் கால் இரும்பாகும். அடக்கி ஓடினால் முன்னால் போனவள் கைக்கு எட்டமாட்டாள். எங்கே அடக்குவது, எங்கே அவிழ்த்துவிடுவது என்பதைப் பல போட்டிகளில் அடிபட்டுத்தான் கற்க முடியும். கினுயேக்கு அதற்கெல்லாம் நேரம் இல்லை. ஆகஸ்ட் 1-இல் தகுதிச் சுற்று, 2-இல் இறுதிப் போட்டி.

இறுதியில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே, சுவீடனின் இங்கா கென்ட்செல் ஆகியோர் இந்தத் தூரத்துக்கென்றே பழகியவர்கள். பின்தங்கியிருந்த கினுயே இரண்டாவது சுற்றில் ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டு முன்னேறினார். கடைசி நேரோட்டத்தில் அவருக்கு முன்னால் ராட்கே மட்டும்தான். எட்டிப் பிடிக்க முடியவில்லை. ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு முடித்தார். கினுயே 2 நிமிடம் 17.6 விநாடி. இடைவெளி 0.8 விநாடி. கோட்டைக் கடந்ததும் விழுந்துவிட்டார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் தரையில்தான் கிடந்தார். அதே நாளில் அதே மைதானத்தில் மிகியோ ஓடா மும்முறைத் தாண்டுதலில் வென்று ஜப்பானுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களுக்குப் பெருங்கோபத்தை உண்டாக்கியது. ஓடி முடித்த களைப்பில் சிலர் புல்தரையில் சாய்ந்ததைப் பார்த்துப் பத்திரிகைகள் கண், காது, மூக்கு வைத்து எழுதின. பாதிப் பேர் ஓட்டத்தைப் பாதியில் விட்டார்கள் என்றும், மயங்கி விழுந்தார்கள் என்றும் செய்தி பரவியது. உண்மையில் புறப்பட்ட ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆண்கள் ஓடி முடித்துத் தரையில் விழுந்தால் வீரம். பெண்கள் விழுந்தால் பலவீனம். இவ்வளவு தூரம் பெண் உடம்பு தாங்காது என்று சொல்லி 800 மீட்டர் ஓட்டத்தைப் பெண்களுக்கு நிறுத்திவிட்டார்கள். மறுபடி அது ஒலிம்பிக்குக்கு வந்தது 1960-இல் ரோம் நகரில். 32 ஆண்டுகள்! அம்மா ஓட வேண்டிய வயதில் தடை. மகளுக்கும் ஏறக்குறைய தடை. தடை இல்லாதிருந்தால் 1932-லும் 1936-லும் யார் யார் ஓடியிருப்பார்கள் என்று இப்போது யாரைக் கேட்பது? இந்தியாவிலிருந்து ஷைனி 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் இதே 800 மீட்டரில் அரையிறுதி வரை ஓடினார்.

நம் தமிழ்நாட்டிலும் ஒருவர் இருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை செய்த பெற்றோருக்குப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன். 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் அவர் வென்றது 800 மீட்டர். வாங்கியதும் கினுயே வாங்கியதைப் போலவே வெள்ளி. கினுயேயை வீதியில் கேட்ட அதே கேள்வியைச் சாந்தியிடம் ஒரு பரிசோதனையாக வைத்து, பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நொறுங்கிப்போன அவர் பிறகு எழுந்து, பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓடவைத்தார். இதை இந்த மலரில் எழுதலாமா என்று எங்களுக்குள் இரண்டு கட்சி இருந்தது. எழுத வேண்டும் என்ற கட்சி வென்றது.

கினுயேயின் கதைக்கு வருவோம். பதக்கத்தோடு ஓய்ந்திருக்கலாம். ஆனால் தாம் ஒருவர் மட்டும் வெளிநாட்டு மைதானங்களில் நின்றது போதும், இளைய பெண்களையும் கூட்டிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. 1930-இல் ப்ராக் நகரில் மூன்றாவது மகளிர் உலகப் போட்டி. பயணச் செலவுக்குப் பணம் இல்லை. கினுயே நாடெங்கும் உள்ள பெண்கள் பள்ளிகளுக்கு வேண்டுகோள் விடுத்தார். ஆளுக்குப் பத்து சென் தந்தால் போதும் என்றார். ஒரு யென்னில் பத்தில் ஒரு பங்குதான் அது. எங்களைப் போன்ற பள்ளி மாணவியர் கொடுத்த சில்லறை சேர்ந்துதான் அந்த அணி புறப்பட்டது. கினுயேயோடு ஐந்து இளம் பெண்கள்.

ப்ராகில் அவர் நீளம் தாண்டுதலில் 5.90 மீட்டரோடு மீண்டும் முதலிடம் பெற்றார். ஈட்டி எறிதலிலும் 60 மீட்டர் ஓட்டத்திலும் மூன்றாவது, மூன்று போட்டிகள் சேர்ந்த முப்போட்டியில் இரண்டாவது. அத்தோடு விடவில்லை. வார்சா, பெர்லின், பிரசல்ஸ், பாரிஸ் என்று ஊர் ஊராகப் போட்டிகள். எல்லாவற்றிலும் ஓடினார். தாமும் ஓடிக்கொண்டு, ஐந்து பெண்களுக்கும் பயிற்சியாளராகவும் அக்காவாகவும் இருந்துகொண்டு, பத்திரிகைக்குச் செய்தியும் எழுதினார். பிறகு கப்பலேறினார்கள். அக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போகும் கப்பல்கள் சூயஸ் கால்வாய் கடந்து கொழும்பைத் தொட்டுத்தான் போகும். நம் தூத்துக்குடிக் கடலுக்கு அந்தப் பக்கம் அவர் கடந்து போயிருப்பார் என்று நினைக்கையில் எங்களுக்கு என்னவோ போலிருந்தது.

ஊரில் மாலையோடு யாரும் காத்திருக்கவில்லை. 1926-ஐப் போலத் தனி நபர் புள்ளிகளில் முதலிடம் வரவில்லையே என்ற முணுமுணுப்புத்தான் அவரை எதிர்கொண்டது. கினுயே பதில் பேசவில்லை. பத்து சென் கொடுத்த பள்ளிகளுக்கு நன்றி சொல்ல வேண்டுமே என்று, ஓய்வெடுக்க வேண்டிய உடம்போடு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அலுவலக வேலையும் நின்றபாடில்லை. இந்த இடத்தில் எங்களில் சிலர், அவருக்குக் கடமை உணர்ச்சி மிகுதி என்று புகழ்ந்தார்கள். வேறு சிலர், யாராவது ஒருவர் அவரைப் பிடித்து உட்காரவைத்திருக்க வேண்டாமா என்று கேட்டார்கள். நாங்கள் இரண்டாவது கட்சி.

1931-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரத்த வாந்தி கண்டது. நுரையீரல் நோய் முற்றியிருந்தது. ஒசாகா மருத்துவமனையில் மாதக்கணக்காகப் போராடினார். ஆகஸ்ட் 2-ஆம் நாள் இறந்தார். ஆம்ஸ்டர்டாமில் அந்த 800 மீட்டரை ஓடிய அதே ஆகஸ்ட் 2. நடுவில் சரியாக மூன்று ஆண்டுகள்.

அவர் கடைசியாகப் பெரிய போட்டியில் நின்ற ப்ராக் நகர மக்கள் அவரை மறக்கவில்லை. அங்குள்ள ஓல்ஷானி கல்லறைத் தோட்டத்தில், பல ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வந்து போன இந்தப் பெண்ணுக்கு ஒரு நினைவுக் கல் வைத்தார்கள்.

1936-இல் நீச்சல் வீராங்கனை ஹிதேகோ மயேஹாதா ஜப்பானியப் பெண்களுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்தார். ஆனால் ஓட்ட மைதானத்தில் கினுயேக்குப் பிறகு ஒரு ஜப்பானியப் பெண் பதக்கம் பெற 64 ஆண்டுகள் ஆயின. 1992-இல் பார்சிலோனாவில், யூகோ அரிமோரி மாரத்தான் ஓடி வெள்ளி வென்றார். அவர் பிறந்த ஊர் ஒகயாமா.